மலை இறக்கத்தில் ரப்பர் தீய்ந்த நாற்றம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவதோடு படிப்பு நின்றுவிட்டது. எழுதும்போதே பாதி மறந்தும் போகிறது. படிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். ஆனாலும் அன்றைக்கு மலையில் நான் பார்த்ததை நினைத்தால் இப்போதும் மலைப்பாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

கல்வராயன் மலையில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்புகிற நாளில் பஸ் வரவில்லை. என் மகளைக் கட்டியவர் அன்றைக்கு மேலே வந்து, பிக்கப் வண்டியில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு சின்னசேலம் பக்கம் மில்லுக்கு இறங்க இருந்தார். அவர்கூடவே வந்துவிடச் சொல்லி மகள் போன் பண்ணினாள்.

அதுதான் எனக்குச் சங்கடம். எங்கள் வழக்கத்தில் மாமியார் மாப்பிள்ளையிடம் நேராகப் பேசமாட்டாள். இந்தக் காலத்தில் எல்லோரும் பேசுகிறார்கள், எனக்குத்தான் கூச்சம் போகவில்லை. கல்யாணமானதிலிருந்து எதுவானாலும் மகள் வாய் வழியாகத்தான். வண்டியில் கதவோடு ஒட்டிக்கொண்டு, முந்தானையை இழுத்துப் போர்த்தி உட்கார்ந்தேன்.

இறக்கத்தில் நாலைந்து வளைவு தாண்டியதும் ரப்பர் தீய்கிற நாற்றம் வந்தது. மகளுக்குப் போன் போட்டேன்.

"ஏன்டி, வண்டியில இன்னாமோ தீயுது. உங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்லு."

"யம்மா, அவரு உன் பக்கத்துலதானே உக்காந்துகினு இருக்காரு! கொரோனா வந்ததுலேர்ந்து அவருக்கு மோப்பமே கெடையாது. நீயே சொல்லு..."

அவ்வளவுதான், சிக்னல் போய்விட்டது.

முன் கண்ணாடியைப் பார்த்து, வண்டியிடம் சொல்வதுபோல் சொன்னேன். "இந்த வண்டி நாறுதே."

அவரும் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "வண்டிக்கு ஒண்ணும் இல்ல. எவனாவது டயரு கொளுத்துவான்."

அடுத்த வளைவில் கண் எரிந்தது. என் பக்கம் எட்டிப் பார்த்தால் பள்ளம், அடியில் மரங்களின் தலை மட்டும் தெரிந்தது. பின்னால் அத்தனை பாரம். வீட்டில் மகள் மாசமாக இருக்கிறாள். அந்த நினைப்பு வந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மாப்ள, நிறுத்துங்க!"

நாற்றத்துக்கு நிறுத்தினாரோ, நான் நேராகக் கூப்பிட்ட அதிர்ச்சியில் நிறுத்தினாரோ தெரியாது. ஓரங்கட்டிச் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தார். முன் மூடியைத் தூக்கிப் பெல்ட்டைப் பார்த்தார், நன்றாக இருந்தது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கையைக் காட்டிச் சூடு பார்த்தார். இறக்கத்தில் பிரேக் பிடித்து வந்ததால் நாலுமே கொதித்தன.

"எல்லாம் ஒரே சூடுதான். எங்கேர்ந்துன்னு எப்டிக் கண்டுபுடிக்கறது?" என்று மலையைப் பார்த்துக் கேட்டார்.

நான் மூக்கிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டு வண்டியைச் சுற்றினேன். முன்னால் காய்ந்த இரும்பு வாடை. வலது பின் சக்கரத்திலும் அதேதான். இடது பின் சக்கரத்துக்கு வந்ததும் இருமல் வந்துவிட்டது. "இங்க" என்றேன்.

அவர் அடியில் புகுந்தார். நானும் குனிந்து பார்த்தேன். இத்தனை வயதில் ஒரு வண்டியின் அடிவயிற்றை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். நீளத் தண்டு, உருண்டை, குழாய், ஒன்றின்மேல் ஒன்றாக வளைந்து அடுக்கிய இரும்புப் பட்டைகள். ஒன்றையொன்று இடிக்காமல் இதையெல்லாம் கோத்த மனுசரை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அந்தப் பட்டைகளுக்கும் டயருக்கும் நடுவே இருந்து புகைகிற ஒன்றைத் திருகித் திருகி இழுத்தார். பாதி தீய்ந்த ரப்பர் செருப்பு. அறுந்த வாருக்கு ஊக்கு குத்தியிருந்தது. என் செருப்பு! தேய்ந்துபோனதென்று நான் தூக்கிப் போட்டதை மகள் எடுத்து, திருஷ்டிக்காக அடியில் கம்பியால் கட்டியிருக்கிறாள். பாரத்தில் வண்டி தாழ்ந்ததும் அது போய்ச் சொருகிக்கொண்டது.

மாப்பிள்ளை கையில் என் செருப்பு. எனக்கு அந்தப் பள்ளத்திலேயே இறங்கிவிடலாம் போல இருந்தது.

அவர் செருப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார். "எங்க மாமியாரு செருப்பு. சும்மாவா எந்தக் கண்ணும் கிட்ட வரல!"

பிறகு டயரைத் தடவியவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். உட்பக்கம் வட்டமாக அரைபட்டு நூல் தெரிந்தது. "இன்னும் ரெண்டு வளைவு போயிருந்தா வெடிச்சிருக்கும்" என்றார். சும்மா உரசுகிற உரசலுக்கு இத்தனை நெருப்பா என்று எனக்கு நம்ப முடியவில்லை. அதைவிட ஆச்சரியம் ஜாக்கி. ஒரு சொம்பு அளவுதான் இருக்கும். அவர் கம்பியை ஆட்ட ஆட்ட, ஏற்றிய கிழங்கு மொத்தத்தோடும் வண்டி மூச்சு விட்ட மாதிரி மேலே எழும்பியது. நான் கைகூப்பிவிட்டேன். அவர் ஸ்டெப்னியை மாட்டி முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றேன். விலகி நிற்க வேண்டும் என்பதே மறந்துவிட்டது.

கீழே இறங்கியதும் சிக்னல் வந்து மகள் கூப்பிட்டாள். போனை வாங்கி அவர் சொன்னார். "உங்க அம்மா செருப்பு கவுக்கப் பாத்துச்சு, மூக்கு காப்பாத்திச்சு. இனிமே லோடு ஏத்துனா ஒரு சுத்து சுத்தி வரச் சொல்லு."

மறுபடி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் லோடோடு வந்தால் எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் தண்ணீர் குடிக்க உள்ளே போவார். நான் ஒரு சுற்று சுற்றி வருவேன்.

இடது சக்கரம்தானா, இரும்புகளின் பெயர் சரிதானா என்று எனக்கு நிச்சயமில்லை. மாப்பிள்ளையிடம் நான் எப்படிக் கேட்பது? மகள் இதைப் படித்தால், அவரிடம் கேட்டுத் தப்பிருக்கிற இடத்தைத் திருத்திவிடட்டும்.