சீட்டக்காவின் கை

எங்கள் சுகாதார நிலையத்தில் டாக்டரை விடப் பெரிய ஆள் சீட்டக்காதான். டாக்டர்கள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். பத்தொன்பது வருஷமாக ஜன்னலில் உட்கார்ந்து, பேர், வயது, உடம்புக்கு என்ன என்று கேட்டு வெளிநோயாளிச் சீட்டு எழுதுகிறவள் அவள் ஒருத்திதான். அடுத்த அறையில் ரத்தம் பரிசோதிக்கிறவன் நான். நடுவில் ஒரு மெல்லிய தட்டி. அவள் போடும் சத்தம் முழுக்க என் காதில்தான் விழும்.

வயது கேட்டால் ஐம்பது என்பார் ஒருவர். "ஏழு வருஷமா ஐம்பதுலயே நிக்கிறீங்களே, பின்னாடி ஆளு வருது, கொஞ்சம் நகருங்க" என்பாள். வரிசையே சிரிக்கும். வலியோடு வந்தவர்களைச் சிரிக்க வைக்கிற வாய் அது. மருந்து வராமல் போன வருஷத்தில் அந்த வாயும் ஓய்ந்துவிட்டது.

மேலே நிதியைக் குறைத்துவிட்டார்களாம். எங்களிடம் யாரும் சொல்லவில்லை. இருபது பெட்டி சுகர் மாத்திரை வருகிற இடத்தில் ஆறு பெட்டி வந்தது, அதிலிருந்து நாங்களே தெரிந்துகொண்டோம். மாதம் பிறந்து பத்து நாளில் அலமாரி காலி. அதற்குப் பிறகு வருகிறவர்கள் சீட்டுக்கு ஒரு மணி நேரம், டாக்டருக்கு ஒரு மணி நேரம் காத்திருந்து, கடைசியில் மருந்து ஜன்னலில் "இல்லை" என்ற ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு போனார்கள்.

டெய்லர் ஒருத்தர் அப்படித்தான் ஒருநாள் வெடித்தார். ஒரு துணிக்கடை வாசலில் மிஷின் போட்டிருப்பவர், தைத்தால்தான் கூலி. "காலையிலேயே இல்லன்னு சொல்லியிருந்தா ரெண்டு சட்டை தச்சிருப்பேனே, தங்கச்சி!" என்று சீட்டக்காவிடம் கத்தினார். அவர் கேட்டதில் தப்பில்லை. அவளுக்கு அன்று முழுக்க மனசே சரியில்லை.

அடுத்த வாரம் டெய்லர் சைக்கிளை கேட்டுக்குள் திருப்பும்போதே அவள் ஜன்னலிலிருந்து கையை விரித்து ஆட்டினாள். மாத்திரை இல்லை என்று அர்த்தம். அவர் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போனார். அரை நாள் கூலி தப்பியது. இரண்டே மாதத்தில் இது எல்லோருக்கும் பழகிவிட்டது. கேட்டருகே நிற்பார்கள், அவள் கையைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். மகராசி, அலைய விடாம காப்பாத்துறா என்று வாய் நிறையச் சொன்னார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. மத்தியானத்துக்குள் அறுபது விரல் குத்துகிறவன் இருபதோடு டீ குடிக்கப் போனேன்.

பதினோரு மாதம் இப்படி ஓடியது. பிறகு ஓர் அதிகாரி கையில் காகிதத்தோடு வந்தார். ஒரு நாளைக்கு நூற்று நாற்பது சீட்டு போன இடத்தில் இப்போது ஐம்பத்தைந்துதான்.

"இந்தப் பக்கம் நோய் குறைஞ்சிருக்கு. நல்ல விஷயம்தானே?" என்றார். அதனால் இனி டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் மட்டும். மருந்தும் அதே கணக்கில் குறையும்.

சீட்டக்கா எழுந்து நின்றுவிட்டாள். "சார், நோய் குறையல சார். வந்தவங்களை நான்தான் திருப்பி அனுப்பினேன்."

"சீட்டு போட்டு அனுப்பினீங்களா?"

"மருந்தே இல்லாம சீட்டு எதுக்குன்னு..."

"சீட்டு இல்லன்னா ஆளே வரலன்னுதாம்மா அர்த்தம்." கெட்ட மனிதர் இல்லை அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மூணு மாசம் பாக்கலாம். நாளுக்கு நூறு சீட்டு வந்தா, பழையபடி ஆறு நாளும் டாக்டர் வேணும்னு எழுதறேன்" என்றார்.

அவர் போனதும் சீட்டக்கா தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எல்லார் வாயிலயும் இந்தக் கையாலயே மண்ணை அள்ளிப் போட்டுட்டேனே" என்றாள். அன்று வீட்டில் அவள் புருஷன் வழக்கம்போல, "இன்னிக்கு எத்தனை பேரைத் துரத்தின?" என்று கிண்டல் பண்ணினாராம். தட்டைத் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

"பேசாம நாலு பக்கம் பேரை நிரப்பிடு, யாரு வந்து பாக்கப் போறா?" என்று மருந்துக்காரர் யோசனை சொன்னார். இல்லாத ஆளுக்கெல்லாம் நான் எழுத மாட்டேன் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். மறுநாளிலிருந்து கேட்டைத் தாண்டி ஒரு ஈ போனாலும் கூப்பிட்டாள். மருந்து இல்லாவிட்டாலும் சீட்டு போட்டுக்கொண்டு போ என்றாள். ஜனங்கள் சும்மா இருப்பார்களா? "சீட்டை வச்சு நாக்கு வழிக்கவா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். பத்தொன்பது வருஷத்தில் வாங்காத பேச்செல்லாம் ஒரே மாதத்தில் வாங்கினாள். ஐம்பத்தைந்து எழுபதானது, எழுபத்தெட்டானது. அதற்கு மேல் நகரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை டெய்லர் வந்தார். பார்த்து நாலைந்து மாதம் இருக்கும். சைக்கிள் இல்லை. கையில் ஊன்றுகோல், வலது காலில் கட்டு. கேட்டிலேயே நின்று, பழக்கத்தில் ஜன்னலைப் பார்த்தார். சீட்டக்காவின் கையும் பழக்கத்தில் விரிந்து மேலே போனது. பாதியில் நிறுத்தி, வாங்க என்று மடக்கினாள். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

டாக்டர் இருக்கிற நாள், கூட்டம் நெரிந்தது. அந்தக் காலோடு ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று ஜன்னலுக்கு வந்தார்.

"மாத்திரை வந்துடுச்சா தங்கச்சி?"

"இல்லண்ணே."

"அப்ப எதுக்குக் கூப்பிட்ட?"

"சீட்டுக்குத்தாண்ணே." நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "சரி, எழுது" என்றார். காலில் என்ன என்று கேட்டாள். ரெண்டு விரலை எடுத்துட்டாங்க, பெரிய ஆஸ்பத்திரியில என்றார். அவள் பேனா நின்றுவிட்டது.

சீட்டோடு என்னிடம் வந்தார். விரலைக் குத்தி, சுகர் பார்க்கிற கருவியின் பட்டையில் ரத்தத்தை வைத்தேன். முன்னூற்றுப் பன்னிரண்டு காட்டியது.

"இந்தப் பட்டை இப்பதான் வந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. இது எப்பவும் இருக்கும்."

"மாத்திரை இல்லாதப்பவும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"டாக்டரும் அப்ப தினம் இருந்தாருல்ல? காலைக் காட்டியிருக்கலாம்."

"காட்டியிருக்கலாம்ணே."

குனிந்து காலில் இருந்த கட்டைத் தடவினார். "நான் கேட்லயே திரும்பிட்டேன்" என்றார்.

தட்டிக்கு அந்தப் பக்கம் சீட்டக்கா அடுத்த ஆளிடம் வயது கேட்டாள். ஐம்பது என்றார் அவர். அவள் ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டாள்.