வளையல் போட்ட கை

கல்லறைக்கு வெள்ளையடிக்கக் கொத்தனார் சுண்ணாம்பு வாளியைத் திறந்தார். அந்த வாடையோடு நான் எட்டு வயதில் பட்ட பயமும் வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் அப்பாவின் கல் இது. கோர்த்த இரண்டு கைகளைச் செதுக்கியிருப்பார்கள். ஒரு கையில் வளையல். கீழே அப்பா பெயர், பக்கத்திலேயே அம்மா பெயர். தனக்கும் இதே குழிதான் என்று அம்மாதான் வெட்டச் சொன்னாள். அவள் இறக்கும் தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

அம்மா தினமும் ராஜபாளையம் மில்லுக்குப் போய் வருவாள். சாயங்காலம் பஸ் பிந்தினால் எனக்கு அந்தக் கைகள்தான் கண்ணில் நிற்கும். அப்பா அவளைக் குழிக்குள் இழுத்துக்கொண்டார் என்று தெருமுனைக்கு ஓடுவேன்.

ஒரு கல்லறைத் திருநாளுக்கு வெள்ளையடிக்கப் போனோம். அம்மா தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் வளையல் கை மறையும்படி சுண்ணாம்பை அப்பிவிட்டேன்.

"ஏட்டி, என் கைய எங்க?"

"அப்பா உன்னையப் பிடிச்சு இழுக்காவல்லா."

அம்மா சிரித்துவிட்டாள். "கூறுகெட்டவளே, இழுக்கலட்டி. போயிட்டு வாரேன்னு கை குடுக்காவ. உசுரோட இருக்கையில கூப்பிட்டதுக்கே நான் ஓடுனதில்ல."

எனக்குப் பயம் போகவில்லை. அம்மா அந்தச் சுண்ணாம்பைத் துடைக்கவும் இல்லை. பிறகு வருசா வருசம் அவளே அந்தக் கையில் ஒரு கை சுண்ணாம்பு அள்ளி அப்புவாள்.

போன மாதம் அம்மா இறந்துபோனாள். தேதியை வெட்டி முடித்த கொத்தனார் கேட்டார்.

"யக்கா, இந்தக் கையில மட்டும் சுண்ணாம்பு கட்டியா நிக்குதே. சொரண்டிரட்டுமா?"

"சொரண்டிருங்க," என்றேன். "வளையல் உடையாமப் பாத்துக்கோங்க."