குட்டியானையின் நெற்றியில் எழுதிய பெயர்

பட்டாசுப் பட்டறையில் சின்ன வயசிலிருந்து உட்கார்ந்தும் முழுசாக மிஞ்சிய பத்து விரல். கைநாட்டுக்காரிக்குக் கிடையாது என்று திருப்பி அனுப்பிய பாங்கிலேயே வாங்கிய கடன். அந்தக் கடனில் வந்த, குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி. ஆண்களின் வண்டிகளே நின்ற விஸ்வநத்தம் ஸ்டாண்டில் அதற்கு ஓர் இடம். பொன்மணி போராடி ஜெயித்தவை இவை.

ஓட்டியது அவள் அண்ணன் முனியராஜ். வண்டியின் நெற்றியில் பெயிண்டர் எழுதிய தன் பெயரைப் பொன்மணி தினமும் காலையில் ஈரத்துணியால் துடைப்பாள். விரல் எழுத்தின் சுழிவோடே போகும். அதுதான் அவள் பள்ளிக்கூடம் என்று அண்ணன் கேலி செய்வான்.

அந்த வருசம் டீசல் ஏறியது, வாடகை ஏறவில்லை. வெடி ஏற்ற அனுமதி உள்ள வண்டி என்றால் கூலி அதிகம். அதனால் புக்கிங் ஏஜெண்டு ரத்தினசாமி, அனுமதி இல்லாத இந்த ஸ்டாண்டு வண்டிகளில் பட்டாசுப் பெட்டிகளைக் காலண்டர் கட்டுகளுக்கு அடியில் மறைத்து, சாத்தூரில் நிற்கும் லாரிக்கு அனுப்புவார். எல்லாரும் ஏற்றினார்கள். தவணை கட்ட, இவர்களும்தான்.

தீபாவளி நெருங்கியது. இரவெல்லாம் மழை. காலையில் ஏற்றிய பெட்டியில் கைவைத்த பொன்மணி, கையை எடுக்கவில்லை.

"அண்ணே, இறக்கு. பெட்டி சுடுது."

வாணவெடிக்குள் போடும் மணிமருந்து ஈரம் பட்டால் தானாகச் சூடேறும். பட்டறையில் அதைக் காயவிடாமல் அவசரத்தில் கட்டியிருந்தார்கள், லாரி சும்மா நின்றாலும் வாடகை ஓடுமே.

"பெட்டிக்குக் காய்ச்சலாக்கும்? மாத்திரை வாங்கிக் குடு தாயி" என்று சிரித்தார் ரத்தினசாமி. இறக்கினால் இந்தச் சீசனில் வேறு லோடு கிடையாது என்றார். முனியராஜுக்குத் தவணை ஞாபகம் வந்தது. ஆனாலும் இறக்கினான்.

அதே பெட்டிகளை ஸ்டாண்டின் இன்னொரு வண்டிக்காரன் சங்கிலிமுத்து ஏற்றிக்கொண்டு போனான். கொஞ்ச நேரத்தில் கிழக்கே சத்தம். அந்தச் சத்தம் அங்கே புதிதில்லை. ஆனால் புகை பட்டறைப் பக்கமில்லை, சாத்தூர் ரோட்டுப் பக்கம் எழுந்தது.

வெடித்துச் செத்த டிரைவரே பீடி பற்றவைத்தான் என்று ரத்தினசாமி போலீசில் எழுதிக் கொடுத்தார். அதுவே நின்றால் சங்கிலிமுத்து பெண்சாதி மாரித்தாய்க்கு நஷ்டஈடு கிடையாது. ஸ்டாண்டில் மற்றவர்கள் அடுத்த லோடுக்குப் போனார்கள். பொன்மணி போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள். நாமும் ஏற்றினோம் என்று தெரிந்தால் வண்டியைப் பிடித்துவிடுவார்கள் என்று முனியராஜ் கெஞ்சினான்.

"நாம இறக்குன பெட்டிண்ணே அது" என்றாள். அவன் வண்டியை எடுத்தான்.

எல்லாம் சொன்னாள். ஏட்டு எழுதி முடித்து, கைநாட்டுக்கு மைப்பெட்டியை நகர்த்தினார். அவள் பேனா கேட்டாள். வெளியே ஒரு போலீஸ்காரர் முனியராஜிடம் வண்டிச் சாவிக்குக் கை நீட்டினார். சாவியைக் கொடுத்துவிட்டு அவன் ஜன்னல் வழியே பார்த்தான். உள்ளே தங்கச்சி, வெளியே நின்ற வண்டியின் நெற்றியைப் பார்த்துப் பார்த்து, அதே சுழிவில் எழுதிக்கொண்டிருந்தாள்.

பொன்மணி. 17.10.2008.