கருவாட்டுக்கு இடம் தராத அம்மன்

அம்மன் அடியார்களே, கடை போன அன்று எனக்கு அழுகை வரவில்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், மண்மேட்டில் முதுகைச் சாய்த்தபடி நின்றது என் பலசரக்குக் கடை. பின்னறையில் நானும் மனைவி செல்வியும் குடியிருந்தோம். கருவாடு சுற்ற வாங்கும் பழைய பத்திரிகைகளைப் படித்து முடித்துத்தான் சுற்றுவேன். அதனால் வடதுருவத்தில் பனி உருகுவது பற்றி எனக்கு விரிவாகத் தெரியும். சொந்த மண்மேடு வெடித்திருந்தது மட்டும் தெரியாது.

அதைக் காட்டியவர், பதுளை அலுவலகத்திலிருந்து வந்த யாழ்ப்பாணத்து அதிகாரி அம்மா. பெருமழைக்கு முன் சிறுகடைக்காரர்கள் எப்படித் தயாராவது என்று கோயில் மண்டபத்தில் வகுப்பெடுத்தார். பிறகு கடை கடையாக வந்து பார்த்தார்.

"ஐயா, இந்த வெடிப்பு பெருசாகுது. மழை பிடிச்சா சாமானோட நீங்களும் வெளிக்கிட வேணும். எங்க போவீங்கள் எண்டு இப்பவே சொல்லுங்கோ."

"கோயில் மண்டபத்துக்குங்க," என்றேன். பாறை மேல் நிற்கும் மண்டபம். தலையாட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து மாரியம்மனிடம் எனக்கு ஒரே வேண்டுதல்: தாயே, கடையைக் காப்பாற்று.

போன கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. வெடிப்புக்குள் என் கை நுழைந்தது. அரிசி, மா, சீனி, பருப்பு எல்லாம் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தோட்டத் தொழிலாளர்களின் தோளில் மண்டபம் போய்ச் சேர்ந்தன. கருவாட்டு மூட்டைகளை நானும் செல்வியும் சுமந்தோம். அவற்றை இறக்கிவிட்டு இருவரும் கடைக்குத் திரும்பி, தராசையும் சாமி படத்தையும் எடுப்பதாக ஏற்பாடு. எங்கள் வழக்கத்தில் சாமி படம் கடைசியாகத்தான் இறங்கும்.

மண்டப வாசலில் பூசாரி முருகையா கையை நீட்டி மறித்தார்.

"அண்ணே, கருவாடு உள்ள வரக்கூடாது."

இத்தனை திட்டம் போட்ட எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. கோயிலுக்குள் கவிச்சி ஆகாது என்பது எங்கள் லயத்துக் கைக்குழந்தைக்கும் தெரியும்.

"அப்ப கடைக்கே கொண்டு போறேன். நான் காவலுக்கு இருந்துக்கிறேன்," என்றேன். வீரமெல்லாம் இல்லை. மனசு அதற்குள் மரத்துவிட்டிருந்தது.

"நெத்தலிக்குக் காவலா உசிர விடப் போறாராம்," என்றாள் செல்வி. "நீங்க இருந்தா நானும்தான் இருப்பேன். ரெண்டு பேரையும் ஒண்ணாவே தோண்டி எடுக்கட்டும்."

பூசாரி எங்கள் இருவரையும் பார்த்தார். "ஒருத்தரும் இருக்க வேணாம். மேல என் வீட்டுக்குத் தூக்கிட்டு வாங்க."

"நீங்க விரதமாச்சே சாமி?"

"மோந்து பாத்தா விரதம் கலையாதுண்ணே."

செங்குத்தான ஏற்றம். வழுக்கியது. செல்வி என்னைத் திட்டிக்கொண்டே ஏறினாள். பூசாரி வீட்டு வாசலில் மூட்டையை இறக்கும்போது கீழே மரம் முறியும் சத்தம். பிறகு லொறியிலிருந்து கல் கொட்டுவது போல ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். கடை இருந்த இடத்தில் மண் இருந்தது.

எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். ஒன்றுமே இல்லை. தேநீர் கொடுத்தார்கள், குடித்தேன். சீனி போட்டிருந்தார்களா என்று தெரியாது. அம்மன் மீது கோபம்கூட வரவில்லை. கடையைக் கேட்டேன், கடை போய்விட்டது, இனிப் பேச என்ன இருக்கிறது என்று உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை லயத்துப் பெண் ஒருத்தி நனைந்துகொண்டு வந்தாள்.

"அண்ணே, இப்ப இதான் கடையா? நெத்தலி கொஞ்சம் போடுங்க."

சுற்றிக்கொடுக்கப் பத்திரிகை தேடினேன். இல்லை. அவள் முந்தானையை விரித்தாள். அள்ளிப் போட்டதில் பாதி கீழே சிந்தியது. செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சூடாக இருந்தது. மண்டபத்தில் கருவாட்டுக்கு இடம் கிடைத்திருந்தால், மண் சரிந்தபோது இந்தக் கையும் என் கையும் கடைக்குள் தராசைத் தூக்கிக்கொண்டிருக்கும். அப்போதுதான் அழுதேன். வாடிக்கையாளர் முன்னால் அழுத ஒரே கடைக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

இப்போது கடை மேடில்லாத இடத்தில், பாதையோரம். அதிகாரி அம்மாவின் வகுப்புகளுக்குப் பண்டாரவளை வரை நானும் போகிறேன். ஒரே கேள்விதான் கேட்பேன்: "ஒங்க கடையில எந்தச் சாமானை அடுத்தவங்க உள்ள விட மாட்டாங்க?" எல்லாக் கடையிலும் ஒன்று இருக்கிறது. இறைச்சி, மண்ணெண்ணெய், ஏதோ ஒன்று. அதற்கு முதலில் இடம் பாருங்கள் என்பேன்.

நீங்களும் அம்மனிடம் கேளுங்கள். கடைக்குப் பின்னால் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். பதில் வரும். எனக்கு வந்த பதில், "உள்ள வரக்கூடாது."