பதினொரு பேர், ஐந்து கோவில்

தெல்மா ப்ரீஸுக்கு எழுபத்து மூன்று வயது. நெதர் ஹோப் கோவிலின் சாவி பத்தொன்பது வருஷமாக அவள் கைப்பையில்தான் கிடக்கிறது. வார்டன் என்று பதவிக்குப் பெயர். கூரை ஒழுகினால் அவளைக் கூப்பிடுவார்கள், வௌவால் பீடத்தின் மேல் எச்சமிட்டால் அவளைக் கூப்பிடுவார்கள், கல்லறைத் தோட்டத்தில் புல் முழங்காலைத் தொட்டாலும் அவளைத்தான் கேட்பார்கள். குருவானவர் இருக்கும்போது அது பாதி வேலை. இல்லாவிட்டால் ஆளைத் தின்கிற வேலை. இருபத்தாறு மாதமாக எங்களுக்குக் குருவானவர் இல்லை.

இங்கிலாந்தில், ஷ்ராப்ஷையரின் மேற்கு ஓரத்தில், வேல்ஸ் மலைகள் தொடங்குகிற இடத்தில், ஐந்து கிராமத்துக்கு ஐந்து கோவில், ஐந்துக்கும் சேர்த்து ஒரே சேகரம், ஒரே குருவானவர். இந்தச் சேகரத்துக்கு முழுச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க முடியாது என்று பேராயர் அலுவலகம் கையை விரித்துவிட்டது. அரை நேரக் குருவானவர்தான். சம்பளம் கிடையாது, குடியிருக்கக் குருமனை உண்டு, ஞாயிற்றுக்கிழமையோடு வாரத்தில் இன்னும் இரண்டு நாள் வேலை. ஓய்வு பெற்ற யாராவது மனசு வைத்து வந்தால்தான் உண்டு.

முதல் விளம்பரத்தைத் தெல்மாதான் எழுதினாள். 'நாங்கள் கொஞ்சம் பேர், வயதானவர்கள், கூரை ஒழுகுகிறது, உங்களுக்காகக் காத்திருக்கிறோம்' என்று உள்ளது உள்ளபடி எழுதினாள். ஒரு விண்ணப்பமும் வரவில்லை. இரண்டாவது தடவையும் அதையே போட்டாள். ஒருவர் போனில் விசாரித்தார். வருஷத்துக்கு எத்தனை அடக்கம் என்று கேட்டார், பதினான்கு என்றதும் போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஆர்ச்டீக்கன் வந்தார். பேராயருக்கு அடுத்த அதிகாரி, பேச்சு தேனாக இருக்கும். தெல்மா வீட்டுச் சமையலறையில் தேநீரைக் குடித்துவிட்டு, "மூணாவது தடவையும் போட்டுப் பாக்கலாம்மா. அதுலயும் ஆள் அமையலன்னா குருமனையை வித்துடறதா முடிவாயிருக்கு" என்றார். சொல்லிவிட்டு பிஸ்கட் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். வீடே போய்விட்டால் சம்பளமில்லாத ஊருக்கு யார் வருவார்கள்?

மற்றவர்களுக்கு இது சபைக் கவலை. தெல்மாவுக்கு அது மாடியில் படுத்திருந்தது.

அவள் கணவர் எம்ரிஸ் ஐம்பது வருஷம் வேலி கட்டிப் பிழைத்தவர். நெதர் ஹோப் கோவில் மணியை அடித்தவர்களில் மூத்தவர். இதயம் பலவீனப்பட்டு நெஞ்சில் நீர் கோத்து, கால் இரண்டும் வீங்கி, பிப்ரவரியிலிருந்து மாடியறையை விட்டு இறங்கவில்லை. இலை உதிர்கிற காலம் வரைக்கும் இருப்பார், அதற்கு மேல் சொல்வதற்கில்லை என்று டாக்டர் தெல்மாவிடம் வாசலில் நின்று சொன்னார். எம்ரிஸிடமும் சொன்னார். எம்ரிஸ் முன்பே கேட்டிருந்த ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பக் கேட்டார்.

போன வருஷம் அவருடைய சிநேகிதர் ரெஜ் மாடாக்ஸ் செத்தபோது, எங்களுக்கென்று ஆள் இல்லாததால் எங்கிருந்தோ ஒரு குருவானவர் அவசரமாக வந்து அடக்கம் செய்தார். பாவம், அவருக்கு அன்றைக்கு அது மூன்றாவது அடக்கம். ஆரம்பம் முதல் முடிவு வரைக்கும் ரெஜ்ஜை "நமது சகோதரர் ரோஜர்" என்றே சொன்னார். ரெஜ்ஜின் மனைவி வாயைத் திறக்கவில்லை. நாங்களும் திறக்கவில்லை, எங்கள் ஊர் மரியாதை அப்படி. வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றும்போது எம்ரிஸ் சொன்னார்:

"தெல், என்னை அப்படி அனுப்பிடாத. என்னைப் பாத்த ஆளா ஒருத்தர் வந்து என்னைப் புதைக்கணும். முன்னாடி ரெண்டு தடவை இந்த வீட்ல உக்காந்து டீ குடிச்சிருந்தா போதும்."

"குடிக்க வைக்கிறேன்" என்று தெல்மா வாக்குக் கொடுத்தாள். இதுதான் அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது விளம்பரத்தைக் கிளைவ் பெடோஸ் எழுதினார். அவர் பிரிக்லி கோவில் வார்டன், சந்தையில் மாடு ஏலம் விட்டே காலம் கழித்தவர். கிழட்டு மாட்டையும் கன்றுக்குட்டி விலைக்குத் தள்ளிவிடுகிற வாய் அவருக்கு. 'உயிரோட்டமான ஐந்து சபைகள்' என்று எழுதினார். ஜூன் முதல் வாரம் ஒரு விண்ணப்பம் வந்தது. ரெவரெண்ட் மார்சியா கிராண்ட், வயது அறுபத்தேழு, வூல்வர்ஹாம்ப்டனில் முப்பத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரி நர்ஸ், பின்னால் குருப்பட்டம் பெற்றவர். வியாழக்கிழமை வந்து ஐந்து கோவிலையும் பார்ப்பதாக எழுதியிருந்தார்.

கிளைவ் எல்லாரையும் தன் வீட்டுக்கு அழைத்தார். ஐந்து சபையிலும் நடமாடக்கூடியவர்களை எண்ணினால் பதினொரு பேர்.

"அந்தம்மா ஒவ்வொரு கோவிலா போகப்போகுது. போற இடமெல்லாம் பூட்டிக் கெடந்தா அப்படியே வண்டியத் திருப்பிட்டுப் போயிடும்" என்றார் கிளைவ். "அதனால போற இடமெல்லாம் நாம இருக்கோம்."

"எந்த நாம?" என்றாள் ஆல்வென் டட்ஜ். பித்தளை துலக்குவது அவள் பொறுப்பு.

"இந்த நாமதான். தெல்மா அந்தம்மாவக் கூட்டிக்கிட்டு மெயின் ரோட்ல மெதுவா வரட்டும். நாம ஓடைப்பாதையில குறுக்க போய் முன்னாடி நிப்போம். கோட்டை மாத்திக்கங்க, தொப்பிய மாத்திக்கங்க."

"கிளைவ், இது கோவில்" என்றாள் தெல்மா.

"உண்மையை ரெண்டு தடவை எழுதிப் பாத்தியே, யாரு வந்தா? இன்னொண்ணும் சொல்றேன், கோவிச்சுக்காத. சாவு, சீக்குன்னு பேச்சே எடுக்கக் கூடாது. மத்தியானச் சாப்பாடு உன் வீட்லதான். எம்ரிஸ் மாடியில சத்தமில்லாம இருக்கட்டும்."

தெல்மா கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த அறையில் ஒருவராவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஒருவரும் சொல்லவில்லை. இதில் வெட்கப்பட எங்கள் எல்லாருக்கும் பங்குண்டு.

அன்று நல்ல மழை. மழை எங்களுக்குச் சாதகமாகவே பெய்தது, தலைமூடியும் தொப்பியுமாக எல்லாரும் ஒரே மாதிரி இருந்தோம். மார்சியா குள்ளமான, தடித்த உருவம். முழங்கால் இரண்டும் மாற்று அறுவை செய்தவை, அதனால் காரிலிருந்து இறங்க நேரம் பிடித்தது. அந்த நேரம் கிளைவுக்குப் போதுமானதாக இருந்தது. பிரிக்லியில், தெல்மா போக மீதிப் பத்துப் பேர் பூ அலங்காரம் செய்தோம். மார்ஷ்கோட்டில் பத்துப் பேர் பாட்டுப் புத்தகத்தைத் தூசி தட்டினோம். லான்கரோவில் ஒரு பாட்டே நடந்துகொண்டிருந்தது, மூச்சு வாங்க வாங்கப் பாடினோம். ஒவ்வொரு கோவிலிலும் ஒரு கேக். மறுத்தால் அந்த ஊர் மனம் கோணும் என்று மார்சியா எல்லாவற்றையும் தின்றார்.

"இந்தப் பக்கம் எல்லாரும் சொந்தக்காரங்களோ? முகச்சாடை ஒண்ணாவே இருக்கு" என்று காரில் கேட்டார்.

"ஆமாங்க, எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு" என்றாள் தெல்மா. சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"படுக்கையில இருக்கறவங்க யாராவது உண்டா? வீட்டுக்குப் போய்ப் பாக்க வேண்டியவங்க?"

வைப்பர் நாலு தடவை போய் வந்தது. தெல்மாவின் வாயில் எம்ரிஸ் பெயர் வந்து நின்றது. கிளைவின் முகமும் கண்முன் வந்து நின்றது.

"அப்படி யாரும் இல்லீங்க. எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க" என்றாள்.

மத்தியானம் சமையலறையில், மாவுக்குள் ஆட்டுக்கறி வைத்துச் சுட்டதைத் தெல்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். எம்ரிஸ் காலையிலேயே தலையணையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டிருந்தார், இருமல் வந்தால் வாயில் அழுத்திக்கொள்ள. ஒரு மணி நேரம் அடக்கியும் விட்டார். அதற்கு மேல் முடியவில்லை. மாடியிலிருந்து இருமல் வந்தது, நீளமாக, அடியில் தண்ணீர் குமுறுகிற இருமல்.

மார்சியா முள்கரண்டியைக் கீழே வைத்தார். "யாரும்மா அது?"

"ரேடியோங்க. அணைக்க மறந்துட்டேன்" என்றாள் தெல்மா. ஐம்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனை ரேடியோ என்று சொன்ன வாய்க்கு அதன்பிறகு சாப்பாடு இறங்கவில்லை. மார்சியா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். புறப்படும்போது கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த மழையில், ஒரு நிமிஷம் சும்மா நின்றார். தெல்மா கையை அசைத்தாள்.

எட்டாம் நாள் கடிதம் வந்தது. தெல்மா கண்ணாடியைத் தேடி எடுத்து, வாசலிலேயே நின்று படித்தாள்.

'அன்புள்ள திருமதி ப்ரீஸ், உங்கள் ஐந்து சபையும் என்னை அசர வைத்தன. வேலை நாளில், கொட்டும் மழையில், ஒவ்வொரு கோவிலிலும் பத்துப் பேருக்குக் குறையாமல் பார்த்தேன். இத்தனை பேருக்கு வாரத்தில் இரண்டு நாள் வந்துபோகிற, முழங்கால் சரியில்லாத கிழவி போதமாட்டாள். உங்களுக்கு முழு நேர ஆள் வேண்டும். நான் ஆயுள் முழுக்கப் படுக்கையருகே நின்றவள். என்னைத் தேடுகிற நாலு பேர் இருந்தால் போதும் என்று வந்தேன். உங்கள் ஊரில் நோயாளிகளே இல்லை என்றீர்கள். கடவுளுக்கு நன்றி. அப்படியானால் நான் வேண்டியதில்லை.'

தெல்மா கடிதத்தோடு போனுக்குப் போனாள். கிளைவுக்குப் போன் செய்யவில்லை. கடிதத்தின் தலைப்பில் இருந்த எண்ணுக்குப் போட்டாள்.

"அம்மா, நான் தெல்மா ப்ரீஸ் பேசறேன். என்னையும் சேத்து மொத்தமே பதினொரு பேர்தாங்க. நீங்க பாத்ததெல்லாம் அதே பத்துப் பேர். கோட்டை மாத்திக்கிட்டு முன்னாடி முன்னாடி ஓடினோம். ஞாயித்துக்கிழமைன்னா எங்க கோவில்ல நாலு பேர் வந்தா ஜாஸ்தி. எங்களுக்கு வேற யாரும் இல்லீங்க. தயவுசெஞ்சு வாங்க."

"நேத்து லிங்கன்ஷையர்ல ஒரு ஊருக்கு வர்றேன்னு வாக்குக் குடுத்துட்டேம்மா" என்றார் மார்சியா. "அங்க ஆறே பேர். வாசல்லயே சொல்லிட்டாங்க."

தெல்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்க வீட்டு மாடியில இருமினது ரேடியோ இல்லேன்னு எனக்குத் தெரியும். முப்பத்தெட்டு வருஷம் அந்த இருமலைக் கேட்டவ நான். நீங்களா சொல்வீங்கன்னு கார்ல ஏறுற வரைக்கும் நின்னேன். சொல்லலை. என்னை மாடிக்கு அனுப்ப உங்களுக்கு இஷ்டமில்ல போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

"அந்த மனுஷனுக்காகத்தாங்க உங்களத் தேடினதே" என்றாள் தெல்மா. அதற்கு மேல் அழுகைதான் வந்தது. அவள் அழுது முடிக்கும் வரைக்கும் மார்சியா போனை வைக்கவில்லை.

"அவர் பேர் என்னம்மா?"

"எம்ரிஸ்."

"எம்ரிஸ்" என்று அவர் ஒருமுறை திருத்தமாகச் சொன்னார். "ஜெபத்துல வெச்சுக்கிறேன். குடுத்த வாக்கை மாத்த முடியாதும்மா. அந்த ஆறு பேரும் மூணு வருஷமாக் காத்திருக்காங்க."

தெல்மா முகத்தைக் கழுவிக்கொண்டு மாடிக்குப் போனாள். எம்ரிஸ் மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"வராங்களா?"

எதையும் மறைக்காமல் சொன்னாள். ஓடைப்பாதை, தொப்பி, ரேடியோ, கடிதம், லிங்கன்ஷையர், எல்லாவற்றையும். கேட்கக் கேட்க எம்ரிஸ் தோள் குலுங்கியது. முதலில் அழுகிறார் என்று நினைத்தாள்.

"கிளைவ் அந்த ஓடையில வண்டிய எறக்கினானா? அவனுக்கு ரிவர்ஸே வராதே" என்றார். சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரம் ஆனது. அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"அப்போ ரேடியோவை யாரு புதைக்கப் போறா?" என்றார்.

"அப்படிப் பேசாத."

"நெசமாத்தான் கேக்கறேன் தெல். யாரு?"

தெல்மா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். அவள் சொன்னது யோசித்து வைத்த பதில் இல்லை.

"அடக்க ஜெபத்தை நானே வாசிக்கிறேன். பேராயர் ஆபீஸ்ல அனுமதி கேக்கறேன். குடுக்கலேன்னாலும் வாசிப்பேன்."

"நீ அழுதுடுவ."

"அழுதுக்கிட்டே வாசிப்பேன். பேரு மட்டும் தப்பாது."

"எங்க, முழுப்பேரும் சொல்லு பாப்போம்."

"எம்ரிஸ் ஆல்பர்ட் டால்ஃப்ரின் ப்ரீஸ்."

எம்ரிஸ் அவளையே பார்த்தார். கோபம் இல்லை, பயந்த முகம்தான். "டால்ஃப்ரின் முன்னாடி வரும் தெல். ஆல்பர்ட் பின்னாடி."

ஐம்பத்தோரு வருஷம். தெல்மா எழுந்து, ஜன்னலோரம் இருந்த ஜெபப் புத்தகத்தையும் பென்சிலையும் எடுத்துவந்தாள். முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி, சரிதானா என்று அவரிடமே நீட்டினாள். எம்ரிஸ் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, விரல் வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்துப் பார்த்தார்.