சரசு எழுதிய அருவியும் செல்வி ஏறிய ஜீப்பும்

நாங்கள் குடியிருக்கும் வரிசையில் அடுத்த வீடு ஏலிக்குட்டியுடையது. கோட்டயம் பக்கத்திலிருந்து மலையேறிப் பிழைக்க வந்த குடும்பம். அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். காலையில் கதவைத் திறந்ததும் முதலில் காதில் விழுவது அவள் பிள்ளைகள் "அம்மச்சீ" என்று கத்தும் சத்தம். நான் கல்யாணமாகி வந்த புதிதில் அந்த வீட்டுக்குள் யாரோ கிழவி படுத்திருக்கிறாள், அவளைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பல நாள் நினைத்திருந்தேன். நம் பக்கம் அம்மாச்சி என்றால் அம்மாவைப் பெற்றவள். இவர்களுக்கு அம்மச்சி என்றால் அம்மாவே. ஒரே சொல், மலைக்கு இந்தப் புறம் வந்ததும் ஒரு தலைமுறை இளமையாகிவிடுகிறது.

நான் கீழே போடிப் பக்கத்துச் சிலமலைக்காரி. போடியில் ஜீப்பு ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே வந்துவிடலாம். இதற்கா ஊரைவிட்டுப் போய்விட்டேன் என்று அழுகிறாய் என்று கீழே இருப்பவர்கள் கேட்பார்கள். களத்துமேட்டில் நின்று பார்த்தால் இந்த மலை உங்களுக்கு நீலமாகத் தெரியும். இங்கே நீலம் கிடையாது. உப்பு ஜாடியில் உப்பு தண்ணீராய்க் கிடக்கும். துவைத்த சேலை நாலு நாளானாலும் காயாது. ஏலக்காய் உலர்த்தும் கூடத்துச் சுவரோரம் கொண்டுபோய்த் தொங்கவிட வேண்டும். கடையில் மலையாளப் பேச்சு, வீட்டில் நம் பேச்சு. நான் வந்தபோது இந்த மலைக்கு ஒரு ராஜ்யத்தின் பெயர் இருந்தது. பிறகு அதை மாற்றிக் கேரளம் என்றார்கள். பெயர் மாறிய அன்றும் இதே மழைதான் பெய்தது.

என் வீட்டுக்காரர் உலர்த்தும் கூடத்தில் மேஸ்திரி. நான் அவருக்கு இரண்டாம் தாரம். மூத்தவள் சரசு, ராசிங்காபுரத்துப் பெண், குளிர்காய்ச்சலில் போய்விட்டாள். மழையில் பாதை அடைபட்டிருந்த சமயம். செய்தி கீழே போய் அவளைப் பெற்றவர்கள் மேலே வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவர்கள் பார்த்தது ஈரமண்ணை மட்டும்தான். நான் வந்தபோது அவள் மகள் செல்விக்கு இரண்டு வயது. ஏலிக்குட்டியின் பிள்ளைகளோடு விளையாடி விளையாடி, அவளும் ஒருநாள் என்னை அம்மச்சி என்று கூப்பிட்டாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. தடுக்கவும் இல்லை.

செல்விக்கு நாலரை வயதான பங்குனியில் சரசுவின் அப்பாவும் அம்மாவும் பேத்தியைப் பார்க்க வந்தார்கள். சாவுக்குப் பிறகு அதுதான் முதல் வரவு. ஜீப்பை விட்டு இறங்கும்போதே பெரியவர் என்னைப் பார்த்து, "நல்லாருக்கியா ஆத்தா" என்றார். அந்த அம்மா தப்பாக எதுவும் பேசவில்லை. என்னை எதையும் சொல்லிக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். சோறு வேண்டும் என்றால் தட்டைப் பார்ப்பார். தண்ணீர் வேண்டும் என்றால் செம்பைப் பார்ப்பார். அடுப்படியில் சரசு வாங்கி வைத்த அம்மியை ஒருதரம் கையால் தடவிவிட்டு வெளியே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் செல்வி எதற்கோ "அம்மச்சி" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து என் சேலையைப் பிடித்தாள். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. இத்தனை சின்ன வயதில் இவள் அம்மாச்சியாகிவிட்டாளே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு தன் வீட்டுக்காரரிடம், அம்மா என்று கூப்பிடாமல் இருக்கிறதே, அது போதும் என்று அவர் சொன்னதும் என் காதில் விழுந்தது. இங்கே அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் முகத்தில் வந்த நிம்மதியைக் கலைக்க மனசு வரவில்லை என்று இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. அந்தச் சொல்லை என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயம் மீதிப் பாதி.

மறுநாள் அவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்ட வேண்டும். முதலாளி வந்திருந்ததால் வீட்டுக்காரருக்குச் சோலி ஒழியவில்லை. "நீயே கூட்டிட்டுப் போ" என்று சொல்லிவிட்டார். எங்கே போகலாம் என்று கேட்டதும் பெரியவர் தயங்காமல், "அருவிக்கு" என்றார். சரசு கடிதத்தில் எழுதுவாளாம். வீட்டுக்குப் பின்னாலேயே அருவி, குற்றாலம் மாதிரி கொட்டும், சத்தம் வாசல்வரை கேட்கும், தினமும் அங்கேதான் குளிக்கிறோம் என்று. நான் அப்படி ஓர் அருவியைக் கேள்விப்பட்டதே இல்லை. வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். கூலிக்காரர்களின் வீட்டு வரிசைக்குப் பின்னால் பாறையில் தண்ணீர் வடியுமே, அதைத்தான் எழுதியிருப்பாள் என்றார்.

அங்கேயே கூட்டிப்போனேன். முந்தின நாள் கோடை மழை தூறியிருந்ததால் சருகெல்லாம் அட்டை. பெரியவர் காலில் ஒன்று ஏறி ரத்தம் குடித்துத் தடித்துக் கிடந்ததைச் செல்விதான் கண்டாள். என் மடியில் இருந்த உப்பை வாங்கி வைத்துப் பதறாமல் எடுத்துப் போட்டாள். "கடிக்கிறப்ப நோவாது தாத்தா, பொறவுதான் அரிக்கும்" என்றாள். பெரியவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவேளை சரசுவும் இந்தப் பாதையில் இப்படித்தான் காலைப் பார்த்துப் பார்த்து நடந்திருப்பாள் என்று நினைத்தாரோ என்னவோ.

பாறைக்கு வந்து சேர்ந்தோம். ஆள் உயரத்துக்கு ஒரு கரும்பாறை. அதன்மேல் கயிறு தடிமனில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கீழே யாரோ பாத்திரம் விளக்கிய சாம்பல். அந்த அம்மா பாறையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "மழ காலத்துல பெரிசா விழுகுமோ?" என்று கேட்டார். முதன்முதலாக என்னிடம் கேட்ட கேள்வி. "மழைக்கு இந்தப் பாறையே தெரியாதும்மா" என்றேன். பொய்தான். பெரியவர் குனிந்து முகம் கழுவிக்கொண்டு, தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். அந்த அம்மா ஈரப் பாறையில் உள்ளங்கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார்.

சரசுவை நான் பார்த்ததில்லை. அவள் போட்டோ ஒன்றுகூட வீட்டில் கிடையாது. அந்தப் பாறையின் முன்னால் நின்றபோதுதான் அவளை எனக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. ஏனென்றால் நானும் என் அய்யாவுக்கு அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். கண்ணாடி சன்னல் வைத்த வீடு, வாசல் நிறையப் பூ, குளிரே தெரியாது என்று. நம்மைப் பெற்றவர்கள் கீழே நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்றுதான் மேலே இருக்கிறவர்கள் எல்லோரும் எழுதுகிறோம். சரசு உயிரோடு இருந்து பெற்றவர்களைக் கூட்டிவந்திருந்தால் அந்தப் பாறையைக் காட்டி என்ன சொல்லியிருப்பாள்?

மூன்றாம் நாள் அவர்கள் புறப்பாடு. போடிமெட்டுவரை நடந்துபோய், அங்கிருந்து கீழே பார்த்துவிட்டு, ஜீப்பில் ஏறிக்கொள்வதாக ஏற்பாடு. செல்வியும் நானும் வழியனுப்பப் போனோம். மேட்டின் விளிம்பில் நின்றபோது மூடுபனி விலகியது. கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே நம் ஊர்ப் பக்கம் முழுக்க வெயிலில் கிடந்தது. பெரியவர் ராசிங்காபுரத்துக் கண்மாயைப் பேத்திக்குக் கைநீட்டிக் காட்டினார். நான் சத்தமில்லாமல் சிலமலையைத் தேடிக்கொண்டிருந்தேன். "அங்கெல்லாம் மழ பெய்யாதா?" என்று கேட்டாள் செல்வி.

பக்கத்தில் ஒரு சாயாக்கடை. நடத்துகிறவள் மலையாளத்துக்காரி. செல்விக்கு ஒரு பன் எடுத்துக் கொடுத்துவிட்டு, பிள்ளையின் அம்மச்சி யார் என்று கேட்டாள். அந்த அம்மா பெருமையாக, "நாந்தான் அம்மாச்சி" என்றார். கடைக்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நிங்ஙளுடெ கொச்சாணோ? ஈ பிராயத்திலோ?"

அவள் என்ன சொல்கிறாள் என்று அந்த அம்மா என்னைக் கேட்டார். ஜீப்பில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த போடிக்கார டிரைவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான். "ஒண்ணுமில்லம்மா, இங்கிட்டு அம்மச்சின்னா பெத்த தாயி. இந்த வயசுல ஒங்களுக்கு இத்தினிக்காண்டு புள்ளையான்னு கேக்குது."

அந்த அம்மாவின் முகம் அப்படியே நின்றுவிட்டது. கோபம் என்று சொல்ல முடியாது. பன்னைத் தின்றுகொண்டிருந்த பிள்ளையை ஒருதரம் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"ரெண்டு நாளா நான் சிரிச்சுக்கிட்டுல்ல இருந்தேன். நீ பாத்துக்கிட்டே இருந்திருக்க."

அவர் செல்வியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார். செல்வி அழவில்லை. அவளுக்கு நினைவு தெரிந்து ஜீப்பில் உட்கார்ந்ததில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். பெரியவர் ஜீப்புக்கும் எனக்கும் நடுவில் துண்டை முறுக்கிக்கொண்டு நின்றார். அவர் நினைத்திருந்தால் ஏறிப் போயிருக்கலாம். போகவில்லை.

"நீ என்ன ஆத்தா சொல்ற?" என்று கேட்டார்.

அப்போது என் வயிற்றில் நாலு மாதம். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். பிள்ளையின் அப்பனைக் கேட்காமல் முடியாது என்று சொன்னாலே போதும், அவர் இறக்கிவிட்டிருப்பார். ஆனால் அந்த நேரத்தில் எனக்குள் ஒரு நிம்மதி தலைகாட்டியது. சரசுவின் அம்மி இருக்கட்டும், அவள் சாமான்கள் இருக்கட்டும், கொஞ்ச நாளைக்காவது அந்த வீடு என் வீடாக மட்டும் இருக்கும் என்று ஒரு நினைப்பு. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பெற்றவளின் துக்கத்துக்கு இரங்கித்தான் அனுப்பினேன் என்று ஏலிக்குட்டியிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

"கூட்டிட்டுப் போங்கய்யா. ஒரு மாசம் இருக்கட்டும். அவுககிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றேன்.

ஜீப்பு முதல் வளைவில் திரும்பும்வரை செல்வி கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் சருகில் காலைப் பார்த்து நடக்க வேண்டும் என்ற நினைவே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் இரண்டு காலிலும் ரத்தம் வடிவதைப் பார்த்தேன். வீட்டுக்காரர் வந்ததும், "யாரைக் கேட்டு அனுப்புன?" என்றார். சோற்றைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். நான் எதிர்பார்த்த என் வீடு அன்று ஒரு பொழுதுகூட நிலைக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அவர் கூட்டிவரப் போனார். தனியாகத்தான் திரும்பினார். பிள்ளைக்கு வெயிலில் உடம்பு தேறியிருக்கிறது, பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாகப் பேச்சு, பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார், மறுக்க முடியவில்லை என்றார். அவளுடைய சட்டைகளைத் துவைத்து மடித்து அந்த டிரைவரிடமே கொடுத்தனுப்பினேன். புரட்டாசியில் எனக்கு மகன் பிறந்தான். அவனைக் குளிப்பாட்டும்போதெல்லாம், அவளுக்கு இப்போது யார் தலை துவட்டுகிறார்கள் என்று தோன்றும். நான் தேடியது இதுதானா என்று என்னையே கேட்டுக்கொள்வேன்.

இப்போது செல்விக்கு ஏழு வயது. கோடை லீவுக்கு மட்டும் மேலே வருகிறாள். வந்த முதல் வாரம் இரண்டு கம்பளிக்குள் சுருண்டு கிடக்கிறாள். ஏலிக்குட்டியின் பிள்ளைகள் பேசுவது அவளுக்குப் பாதி புரிவதில்லை. என்னைச் சித்தி என்கிறாள். கீழே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், முறைப்படி அதுதான் சரி. சரசுவின் அம்மா அதற்குப் பிறகு மலையேறவே இல்லை. ஆனால் வருஷா வருஷம் என் மகனுக்கென்று ஒரு சட்டை தைத்துக் கொடுத்துவிடுகிறார்.

போன சித்திரையிலும் பெரியவர்தான் அவளைக் கொண்டுவந்தார். இப்போது போடிமெட்டில் இந்த ராஜ்யத்துக்கு ஒரு செக்போஸ்டு, அந்த ராஜ்யத்துக்கு ஒரு செக்போஸ்டு. கீழேயிருந்து வரும் ஜீப்பு அந்தப் பக்கம் நின்றுவிடும். நான் மகனைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் நின்றேன். இரண்டு செக்போஸ்டுக் கம்பங்களுக்கும் நடுவே கொஞ்ச தூரம் வெறும் ரோடு. பெரியவர் பையோடு அங்கே வந்தார், நானும் போனேன். பிள்ளைக்கு இருமல் இருக்கிறது, பச்சைத் தண்ணீர் ஆகாது என்று அவர் சொல்ல, இங்கே கம்பளி போதாது, அடுத்த தடவை இன்னொன்று கொடுத்துவிடுங்கள் என்று நான் சொல்ல, இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தோம். செல்வி எங்கள் நடுவில் நின்று முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். அவர் அவள் கையை விட்டிருந்தார். நான் இன்னும் பிடிக்கவில்லை. வா என்று சொல்ல எனக்கும், போ என்று சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. அவள் அந்த முறுக்கைத் தின்று முடிக்கட்டும் என்று இரண்டு பேரும் காத்து நின்றோம்.