தொட்டிலை எங்கே பிடிப்பது

மகளுக்கு அப்போது ஏழு மாதம். மனைவி நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். நான் பள்ளிக்கூட வாத்தியார், கோடை விடுமுறை என்பதால் பகலில் பிள்ளை என் பொறுப்பு. அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள், அவள் கை படாமல், நான் பிள்ளையை ஒரு தடவையாவது உறங்க வைத்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் லீவை நீட்டுவாள். நீட்டினால் வேலை போய்விடும். அந்த வேலை அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

சுசீந்திரத்தில் எங்கள் வீட்டுக் கூரைக் கொக்கியில் ஒரு ஸ்பிரிங், அதில் சேலைத் தொட்டில். இழுத்துவிட்டால் மேலும் கீழுமாகப் போய்வரும். பத்து நிமிடத்தில் பிள்ளைக்குக் கண் சொருகிவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். தானாக நிற்கட்டும் என்று விட்டால், ஆட்டம் அடங்கும் நேரத்தில் கொக்கி கிறீச்சிட ஆரம்பிக்கும். எண்ணெய் விட்டுப் பார்த்தும் பயனில்லை. அதனால் கையால் பிடித்து நிறுத்த வேண்டும்.

சனிக்கிழமை போகிற போக்கில் நடுவில் பிடித்தேன். ஒரு குலுக்கல். பிள்ளை வீறிட்டது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. தனிச்சீரிசை இயக்கத்தில் நடுவில்தான் வேகம் அதிகம், இரண்டு முனைகளிலும் வேகம் பூஜ்ஜியம் என்று பதினெட்டு வருடமாகப் பதினோராம் வகுப்பு இயற்பியலில் கத்திக்கொண்டிருக்கிறவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தயாராக நின்றேன். தொட்டில் அடிமட்டத்துக்கு வந்து ஒரு கணம் நின்றது. அந்தக் கணத்தில் பிடித்தேன். பிள்ளை அசையவே இல்லை. அடுக்களை வாசலில் நின்ற மனைவியைப் பெருமையாகப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தேன். தொட்டில் விருட்டென்று மேலே போனது. மறுபடியும் அழுகை.

"வேகம் இல்லேன்னா ஒண்ணுமே இல்லேன்னு நெனச்சியளா?" என்றாள் அவள், சிரிப்பை அடக்க முடியாமல். "இழுத்த இழுப்பு பூராவும் ஸ்பிரிங்குக்குள்ளயில்லா இருக்கு! இதைத்தான் பிள்ளைகளுக்குப் படிச்சிக் குடுக்கியளாக்கும்."

கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை. வேகம் பூஜ்ஜியமாகும் அந்த அடிமட்டத்தில்தான் ஸ்பிரிங் அதிகமாக இழுபட்டு நிற்கிறது. இயக்க ஆற்றல் அத்தனையும் அதற்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. கரும்பலகையில் எழுதும்போது இது கையைப் பிடித்து இழுப்பதில்லை.

சாயங்காலம் இன்னொரு தடவை. கீழே பிடித்தேன், விடவில்லை. ஸ்பிரிங் மேலே இழுக்க இழுக்க, கையால் தாங்கி, மெல்ல மெல்ல நடு மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். அங்கே மிச்ச இழுப்பும் இல்லை, வேகமும் இல்லை. கையை எடுத்தேன். தொட்டில் அப்படியே நின்றது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். மனைவி போய் நர்ஸ் உடுப்பைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை மதியம் போன் செய்தாள்.

"ஒறங்கிட்டாளா?"

"அப்பவே ஒறங்கிட்டா."

"என்னைத் தேடினாளா? அழுதாளா?"

"இல்லட்டீ, ஒரு சிணுங்கல்கூட இல்ல" என்றேன், பெரிய சாதனை போல.

 "கொஞ்சங்கூடவா அழல்ல?" என்றாள். கேட்டதில் சந்தோஷம் இல்லை.

"கொஞ்சம் அழுதா" என்று பொய் சொன்னேன்.